கடைமடைக்கு வராத மிஷின்

என் ஆத்தாளுக்கு முதுகு நிமிராது. பன்னிரண்டு வயசில் கதிர் அறுக்கக் குனிந்தவள். நாலு பிள்ளை பெற்று, ஐம்பதைத் தாண்டிய பிறகும், தை பிறந்தால் குனிந்துதான் இருந்தாள். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு தெருவில் நடக்கும்போதும் அரி அறுக்கிறவள் மாதிரியேதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேஞ்சிருக்கு என்றார்கள். "சும்மா கெடந்தா எலும்பு தேயுமா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

அதனால் கதிர் அறுக்கிற மிஷினைத் திட்டி எழுத எனக்கு மனசு வராது. பழைய அறுவடையை நினைத்து உருகி உருகி எழுதுகிறார்கள். களத்துமேட்டுப் பாட்டு, புதுநெல் வாசம், வைக்கோல் போர் என்று. எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வரப்பில் குடை பிடித்து நின்றவர்களின் பிள்ளைகள். வயலுக்குள் குனிந்து நின்றவர்களின் பிள்ளைகள் எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும். நெல்லுத் தாள் கிழித்த கையில் உப்புத் தண்ணி பட்டால் எப்படி எரியும் என்பதிலிருந்து அது ஆரம்பிக்கும்.

எங்கள் ஊர் பரமக்குடித் தாலுகாவில் நயினார்கோவில் ஒன்றியத்தில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு மேலே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். வைகையில் தண்ணி வந்தால் கண்மாய் நிறையும். நிறைந்தால் மடைக்குப் பக்கத்து வயலெல்லாம் விளையும். அந்த வயலெல்லாம் ஊர்த்தெருக்காரர்களுடையது. எங்கள் தெருவுக்கு மிஞ்சியது கடைமடையும், மேட்டுக்காடும், சீமைக்கருவேல முள்ளும்தான். என் அய்யா அந்தக் கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு, கண்ணெல்லாம் புகையில் வெந்து சேர்த்த காசில் 1988இல் கடைமடையில் ஒன்றரைக் குறுக்கம் நிலம் வாங்கினார். பத்திரம் பதிந்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் பக்கம் முதலில் வந்தது டிராக்டர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் பத்துப் பன்னிரண்டு சோடி உழவு மாடு இருந்தது. ஆம்பளைகள் அடுத்தவன் வயலை உழுதுதான் கஞ்சி குடித்தார்கள். டிராக்டர் வந்ததும் ஏரெல்லாம் கூரையில் ஏறியது. ஆம்பளைகள் கரிமூட்டத்துக்கும், மெட்ராசுக்கும், திருப்பூருக்கும், பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள். அப்போது பொம்பளைகளின் வேலைக்கு மிஷின் வரவில்லை. களையெடுப்பும் அறுப்பும் எங்கள் கையில்தான் இருந்தன.

அறுப்பு என்றால் ஒரு குறுக்கத்துக்குப் பதினைந்து, இருபது பேர் வேண்டும். கோழி கூவுகிறபோது தூக்குச்சட்டியில் கஞ்சியோடு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. பொம்பளைகள் அறுத்து அரி போடுவார்கள். ஆம்பளைகள் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றுவார்கள். கூலி நெல்லாகத்தான். அளக்கிறதைப் பார்த்திருக்கிறேன். பண்ணைக்கு அளக்கிறபோது மரக்காலைக் குலுக்கிக் குலுக்கி அளப்பார்கள். எங்கள் முந்தியில் போடும்போது மரக்கால் குலுங்காது. குனிந்து நிற்கிற பொம்பளைகளைப் பார்த்து வரப்பில் நின்று பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. அதையெல்லாம் காதில் வாங்காத மாதிரி அறுக்கக் கற்றுக்கொள்வதும் அறுப்பு வேலையில் சேர்ந்ததுதான்.

ஆனாலும் அந்த நெல் எங்கள் குதிருக்கு வந்தது. தை, மாசி இரண்டு மாசம் ஆத்தாளும் சின்னாத்தாளும் அறுத்து வந்த நெல் சித்திரை கடைசி வரைக்கும் ஓடும். நாங்கள் பிள்ளைகள் சிந்திய கதிரைப் பொறுக்குவோம். எலி வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும், எலியும் கிடைக்கும்.

இன்னொன்றும் எங்கள் கையில் இருந்தது. நெல் பழுத்துவிட்டால் காத்திருக்காது. நாலு நாள் தள்ளினால் மணி உதிரும், பனியில் சாயும். நான் ஆறாவது படிக்கிற வருசம் பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு படி கூடக் கேட்டார்கள். மூணு படி நாலு படியாகணும். முடியாது என்றார்கள். இவர்கள் அருவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள். மூணாவது நாள் காலையில் ஆள் வந்தது. "வாங்கடி, நாலு படிதான், வந்து அறுங்க." ஆத்தா அதை இன்றைக்கும் சொல்லுவாள். "நாங்க ஒண்ணும் பேசலடி. சும்மாதான் ஒக்காந்திருந்தோம். நெல்லுதான் பேசுச்சு."

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அந்தத் தகராறும் அறுப்புக் கூலியில் தொடங்கியதுதான். உள்ளூர்க்காரர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். உழைக்கிறவன் வாயைத் திறந்தால் வெளியாளைக் கொண்டுவருவது பழைய தந்திரம். ஆனால் வெளியாளுக்கும் வயிறு உண்டு. இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு அவனும் கேட்பான். பசிக்காத, கேட்காத, ஆலமரத்தடியில் உட்காராத வெளியாள் எங்கள் ஊருக்கு 2006 தையில் வந்தது.

அதுக்கு முந்தின செப்டம்பர் 11ஆம் தேதி, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் பிடித்து முதல் தடவையாக மொத்தமாகப் பரமக்குடிக்குப் போயிருந்தோம். 1957இல் அவரை வெட்டிக் கொன்ற நாள் அது. திரும்பி வரும்போது ஊர்த்தெரு முக்கில் வேனை நிறுத்தி, பையன்களிடம் வம்பு பண்ணினார்கள். கைகலப்பு ஆகி, ஸ்டேஷன் வரைக்கும் போய், பிறகு சமாதானம் ஆனது. ஆனால் ஐப்பசியில் களையெடுப்புக்கு எங்கள் தெருவைக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் ஏற்றி வந்தார்கள். "அறுப்புக்கு வந்துதானே ஆகணும்" என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வருசம் நல்ல விளைச்சல். பொங்கல் முடிந்த மூணாவது நாள், ஆத்தூர்ப் பக்கத்து வண்டி ஒன்று லாரியில் ஏறி வந்து இறங்கியது.

தெருவே போய்ப் பார்த்தது. நானும் போனேன். முன்னால் சுத்துகிற அந்தச் சக்கரம் கதிரை வாரி வாரி உள்ளே தள்ளியது. அறுப்பு, அடிப்பு, தூற்றல் எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்து, நெல் குழாய் வழியாக டிராக்டரில் கொட்டியது. ஒரு குறுக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆத்தா அருவாளை இடுப்பில் செருகியபடியே வந்திருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் அறுக்குது" என்றாள். பிறகு, "நமக்குக் கொத்து யாரு அளப்பா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

மிஷின் வந்ததற்குப் பேப்பரிலும் டிவியிலும் காரணம் சொல்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை, நூறு நாள் வேலை வந்து கூலி ஆட்களைக் கெடுத்துவிட்டது என்று. அந்தச் சட்டம் 2005இல் வந்தது. எங்கள் பக்கம் அந்த வேலை நடக்க ஆரம்பித்தது மிஷின் வந்து இரண்டு வருசம் கழித்து. ஆள் பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள் யாரும் அடுத்தவன் வயலில் குனிய மாட்டார்கள், குனியவும் கூடாது. ஆனால் எந்த வேலைக்கு மிஷின் வந்தது, எந்த வேலைக்கு வரவில்லை என்று பாருங்கள்.

எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாய், முண்டு மிளகாய் என்று 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. பெருமைதான். அந்தப் பழத்தைச் செடி செடியாகக் குனிந்து எடுப்பது யார்? பங்குனி வெயிலில், விரலெல்லாம் எரிய எரிய, பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கக்கூட முடியாமல், ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுப்பது பொம்பளைகள்தான். பருத்தி எடுக்கிறதும் அப்படித்தான். அங்கே மிஷின் வரவில்லை. பொம்பளைக் கூலி மலிவாகக் கிடைக்கிற வரைக்கும் வராது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து கூலி கேட்கக்கூடிய வேலையைத்தான் மிஷின் முதலில் பிடித்தது. முதுகு ஒடிகிறதே என்று இரக்கப்பட்டு அது வரவில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஒரு பெரிய பருத்திப் பண்ணையில், 1944 அக்டோபர் 2ஆம் தேதி, பருத்தி எடுக்கிற மிஷின்களை ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டினார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாரத்துக்குப் பயிர் செய்துகொண்டிருந்த நிலம் அது. 1940க்கும் 1970க்கும் நடுவில் ஏறக்குறைய 50 லட்சம் கறுப்பர்கள் தெற்கைவிட்டு நகரங்களுக்குப் போனார்கள். மிஷின் தள்ளியது பாதி, வெள்ளைக்காரனின் கொடுமை தள்ளியது பாதி. போன இடத்தில் சிலருக்குப் படிப்பும் வேலையும் கிடைத்தன. நிறையப் பேருக்கு நகரத்துச் சேரி கிடைத்தது. பருத்திக்காட்டுக்கு யாரும் திரும்பிப் போக ஆசைப்படவில்லை. ஆனால் அத்தனை வருசம் பாடுபட்ட நிலத்தில் ஒரு துண்டும் கையில் இல்லாமல்தான் வெளியேறினார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்கிற எங்கள் தெருப் பிள்ளைகளைப் பார்க்கிறபோது எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் இதைப் பேசியிருக்கிறார். மிஷினை வெறுத்த காந்தியை எதிர்த்து, மிருகத்தைப் போல உழல்கிற வாழ்விலிருந்து மனுசனை மீட்க மிஷின் வேண்டும், ஓய்வு கிடைத்தால்தான் சாதாரண மனுசனுக்குப் படிப்பும் பண்பாடும் கைகூடும் என்று வாதாடினார். மிஷினால் கேடு விளைகிறது என்றால், தப்பு மிஷினில் இல்லை, சொத்தையும் லாபத்தையும் தெய்வமாக்கிய சமூக அமைப்பில் இருக்கிறது, மாற்ற வேண்டியது அமைப்பை என்றார். எங்கள் ஆத்தாளின் முதுகைப் பார்க்கிறபோது அவர் சொன்னதில் முதல் பாதி புரிகிறது. மற்ற பாதி எனக்கு 2021இல்தான் முழுசாகப் புரிந்தது.

அந்த வருசம் கண்மாய் பெருகிக் கிடந்தது. எங்கள் ஒன்றரைக் குறுக்கமும் நல்லா விளைந்திருந்தது. அய்யா செத்து ஒன்பது வருசம். தம்பி துபாயில். நானும் ஆத்தாளும்தான் பார்த்தோம். மார்கழி மூணாம் வாரமே ஊருக்கு மிஷின் வந்துவிட்டது. புரோக்கர் ஊர்த்தெருக்காரர். அவரிடம் போய் நின்றேன். "அய்யா, நம்ம செய்யும் பழுத்துப்போச்சு, ஒரு ரெண்டு மணி நேரம்." "வரும்மா, வரும். மடைப் பக்கம் முடிச்சுட்டு வரும்." மடைப் பக்கம் முடிந்தது. மேலச்செய் ஆரம்பித்தது. அது முடிந்தது. கடைமடைக்கு வருகிறதுக்கு இடையில் ஒருவரின் அறுத்த வயலைக் கடக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் போகும்போது அவர் வயல் வழியாகத்தான் மிஷின் போகிறது. எங்களுக்கென்றதும், "வரப்பு ஒடைஞ்சுபோகும், விட முடியாது" என்றார். அவர் காலடியில் நின்று கேட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டேன். நெல் முற்றியவள் வேறு என்ன செய்வாள்?

பொங்கலை ஒட்டி மழை பிடித்தது. அந்த ஜனவரியில் தென் மாவட்டம் முழுக்கப் பருவம் தப்பிக் கொட்டிய மழை அது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்து, தண்ணிக்குள்ளேயே முளைவிட்டது. மிளகாயும் அழுகியது. மழை எல்லாருக்கும்தான் பெய்தது, அதில் சாதி இல்லை என்பார்கள். ஆனால் மழை வருகிறதுக்கு முன்னால் யார் வயல் அறுபட்டது, யார் வயல் நின்றது என்பதில் இருந்தது. சேற்றில் டயர் மிஷின் இறங்காது. பெல்ட் மிஷினுக்கு மணிக்கு எழுநூறு ரூபாய் கூடக் கேட்டார்கள். அதுவும் அதே வயல் வழியாகத்தான் வரணும்.

கடைசியில் அருவாளைத் தேடினோம். பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. தெருவில் வயசான பொம்பளைகள் ஒன்பது பேர் மாத்துக்கு வந்தார்கள். முழங்கால் தண்ணியில் நின்று சாய்ந்த பயிரைத் தூக்கித் தூக்கி அறுத்தோம். என் அண்ணன் மகள், காலேஜ் படிக்கிறவள், அருவாள் பிடிக்கத் தெரியாமல் விரலை அறுத்துக்கொண்டாள். ஆத்தா வரப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "தாளக் கீழ பிடி, கீழ பிடி" என்று கத்திக்கொண்டே இருந்தாள். தார் ரோட்டில் போட்டு அடித்ததில் பதினொரு மூட்டை தேறியது. அதில் பாதி முளை கட்டியது. வியாபாரி கோழித் தீவன விலைக்குக் கேட்டான். அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. பட்டா இன்னும் செத்துப்போன அய்யா பேரிலேயே இருந்ததால் எங்கள் பேர் லிஸ்டில் ஏறவில்லை.

பட்டா என்ற இந்த ஒரு தாள்தான் மிஷின் மானியத்துக்கும் சாவி. 2014-15லிருந்து மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டம் இருக்கிறது. சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானியம். பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டு அரசு மேலும் 20 சதவீதம் தருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கும் மிஷின் விடுகிறது. நல்ல திட்டங்கள்தான். குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், சிறு குறு விவசாயி சான்று வேண்டும். நிலமே இல்லாதவளுக்கு இவை எங்கிருந்து வரும்? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் விவசாயத்தில் பாடுபடுகிற தலித்துகளில் நூற்றுக்கு 71 பேர் கூலிகள். அருவாள் பிடித்த கைக்கு மானியம் இல்லை. நிலம் இருக்கிறவன் கைக்குத்தான் மானியம். கதிர் அறுக்கிற மிஷின் இருபது லட்சத்துக்கு மேல். மானியம் போக மீதியைக் கட்டவும் எங்கள் தெருவை மொத்தமாக விற்றாலும் பத்தாது.

அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? அடுத்த வருசம் கடைமடையில் நிலம் வைத்திருக்கிற எங்கள் தெருக்காரர்கள் எட்டுக் குடும்பம் உட்கார்ந்து பேசினோம். எல்லாம் சேர்த்தால் பதினாலு குறுக்கம் வந்தது. பதினாலு குறுக்கம் ஒரே இடத்தில் அறுப்பு என்றால் எந்த மிஷின்காரரும் வருவார். புரோக்கரை விட்டுவிட்டு, டிரைவரின் போன் நம்பரை வாங்கி நேரடியாகப் பேசினோம். முன்பணம் கொடுத்து நாள் குறித்தோம். விதைக்கிறபோதே ஒரே ரகமாக, ஒரே வாரத்தில் விதைத்தோம். அப்போதுதான் ஒன்றாகப் பழுக்கும்.

பாதைதான் பாக்கி. கிராம வரைபடத்தை நகல் எடுத்துப் பார்த்தால், கண்மாய்க்கரையை ஒட்டி கடைமடை வரைக்கும் வண்டிப்பாதை கோடு போட்டிருக்கிறது. தரையில் பார்த்தால் கருவேல முள்ளும், நாலு பேர் தள்ளிப் போட்ட வரப்பும். திங்கட்கிழமை மனுநாளில் மூணு தடவை மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். கல் இருந்தது, பாதை இல்லை. முள்ளை நாங்களே வெட்டினோம். எங்கள் பொம்பளைகளுக்குக் கருவேலம் வெட்டுவது புதுசில்லை. வெட்டிய முள்ளை மூட்டம் போட்டு, அந்தக் கரிக் காசையே மிஷினுக்கு முன்பணமாகக் கொடுத்தோம். தள்ளிப்போட்ட வரப்பை இன்னும் எடுக்க முடியவில்லை. ஒரு இடத்தில் மிஷின் இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்தபடிதான் கடக்கிறது. டிரைவர் ஒவ்வொரு தடவையும் எங்களைத் திட்டுகிறார்.

இதனால் கூலி அறுப்புக்குப் போன பொம்பளைகளுக்கு நெல் வந்துவிடவில்லை. அதை மறைக்கக் கூடாது. எட்டுக் குடும்பத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. நிலம் இல்லாத முப்பது வீட்டில் இன்றைக்கு ரேசன் அரிசிதான். அவர்களுக்கு மிஷின் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை. நிலம் கேட்காமல் மிஷின் கேட்பது பாதிக் கோரிக்கை. மிஷினே வேண்டாம் என்பதோ எங்கள் ஆத்தாளின் முதுகை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுப்பது. நிலமும், அதுக்குப் போகிற பாதையும், பொம்பளை பேரில் பட்டாவும், மிஷினில் ஏறி உட்காருகிற பயிற்சியும் சேர்த்துக் கேட்க வேண்டும். பயிற்சிக்கு ஆள் எடுக்கிறபோது ஆம்பளைப் பிள்ளைகளை மட்டும் கூப்பிடுகிறார்கள். வேலையை இழந்தது பொம்பளை, ஓட்டக் கற்றுக்கொள்வது ஆம்பளையா? விரலை அறுத்துக்கொண்டாளே என் அண்ணன் மகள், அவள் இப்போது டிராக்டர் ஓட்டுகிறாள். ஊர்த்தெரு வழியாக ஓட்டிப் போனபோது முதல் நாள் ஒரு பெரியவர், "எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்றாராம். "டிராக்டரைத் தள்ள முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றிப் போய்விட்டாள்.

தை வந்தால் ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். மிஷின் சத்தம் அவளுக்கு நல்லாக் கேட்கும். இந்த வருசமும் சத்தம் கேட்டதும் என்னைக் கூப்பிட்டு அதையேதான் கேட்டாள்.

"மடைப் பக்கமா கேக்குது, நம்ம பக்கமா?"